மழையா, காற்றா, நீர்க்கசிவா? சிக்னல் போன காரணத்தைத் தேடுவோம்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே எங்கள் தென்காசிப் பகுதியில் சாரலும் தொடங்கிவிடும். குற்றாலத்தில் அருவி விழுகிறதா என்ற விசாரிப்போடு இன்னொரு புகாரும் அந்த நாட்களில் காதில் விழும்: "சாரல் விழுந்தா டிவி ஓடாது சார்." மாணவர்கள் சொல்வார்கள், பெற்றோர் சொல்வார்கள், ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுதான்.

அறிவியல் ஆசிரியராக இந்தச் சொற்றொடரை நான் ஒரு கருதுகோளாகவே எடுத்துக்கொள்கிறேன். கருதுகோள் என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்த்தால், பல வீடுகளில் சாரல் குற்றவாளியே இல்லை என்பது தெரியவரும். காற்று, இணைப்பில் இறங்கிய நீர், வளர்ந்துவிட்ட தென்னை, மொட்டை மாடிக்கு வந்துபோகும் குரங்கு என்று வேறு காரணங்கள் வெளிப்படும். ஒவ்வொரு காரணமும் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால், ஏணி வைத்து ஏறாமலே பாதிச் சிக்கலைக் கண்டுபிடித்துவிடலாம். அதையே ஒரு நல்ல அறிவியல் பாடமாகவும் ஆக்கலாம்.

நீண்ட பயணம், கடைசி 5 கிலோமீட்டரில் தடுமாற்றம்

நம் வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள புவிநிலைச் செயற்கைக்கோளிலிருந்து புறப்படுகிறது. பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால், நமக்கு வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதுமானதாக இருக்கிறது.

உதாரணத்திற்கு ஜிசாட்-15. 2015 நவம்பர் 11 அன்று விண்ணில் ஏவப்பட்ட இந்தச் செயற்கைக்கோள் 93.5° கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது. மாதக் கட்டணமில்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் சேவை இதன் வழியாக வருகிறது. 2020இல் அறிவிக்கப்பட்ட பி.எம். இ-வித்யா திட்டத்தின் 'ஒரு வகுப்பு, ஒரு சேனல்' வரிசையையும் கட்டணமின்றிக் காண ஃப்ரீ டிஷ் உதவுகிறது.

ஜிசாட்-15இலிருந்து தென்காசிக்கு உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் சுமார் 36,200 கி.மீ. வருகிறது. இதில் பெரும்பகுதி வெற்றிடம். அங்கே அலைக்கு எந்தத் தடையும் இல்லை. நம் பகுதியில் மழைத்துளிகள் இருப்பது தரையிலிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. உயரம் வரைதான். அதற்கு மேலே பனித்துகள்கள். அவை இந்த அலையை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. ஆகவே 36,000 கி.மீ. சுகமாக வந்த அலைக்குக் கடைசி 5 கிலோமீட்டரில்தான் சோதனை.

மலை மறைக்கிறதா?

"எங்க ஊரு மலையடிவாரம். மலை மறைக்கும்லா?" என்று குற்றாலம், மேலகரம், பண்பொழிப் பக்கத்துப் பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விடையை வரைபடமே சொல்லும்.

தென்காசி ஏறக்குறைய 9° வடக்கு அட்சரேகையிலும் 77.3° கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. நம் நாட்டின் டி.டி.எச். சேவைகள் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் 83° கிழக்கு முதல் 108° கிழக்கு வரையிலான இடங்களில் நிற்கின்றன. எல்லாமே நமக்குக் கிழக்கே. நாம் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால் அவை தென்பக்கமாகவும் சாய்ந்து தெரியும். ஆக, தென்காசியில் எந்த மொட்டை மாடியில் நின்று பார்த்தாலும் டிஷ்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்கிழக்கு வாக்கில் நிற்கும்.

உயரமும் நமக்குச் சாதகமே. ஜிசாட்-15 இங்கிருந்து பார்க்கும்போது தொடுவானத்திலிருந்து சுமார் 68° உயரத்தில் இருக்கிறது. 83° கிழக்கில் உள்ள செயற்கைக்கோள் சுமார் 77° உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கிறது. எனவே பெரும்பாலான வீடுகளில் மலையைக் குறை சொல்ல வழியில்லை. வீட்டுக்குத் தென்கிழக்கில், மிக அருகில், உயரமாக நிற்கும் தென்னையோ புதிதாக எழும்பிய மாடியோ மறைக்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் வீட்டு டிஷ்களின் முகம் நேராகப் பார்ப்பதுபோல் தோன்றும் திசை உண்மையான திசை அல்ல. அவை ஒரு பெரிய பரவளையத்தின் ஓரப் பகுதியை வெட்டியெடுத்ததுபோல் செய்யப்பட்டவை. அதனால் டிஷ் உண்மையில் பார்ப்பது, பார்ப்பதாகத் தோன்றும் திசையைவிட 20 பாகைக்கும் மேல் உயரத்தில். டிஷ்ஷுக்கு நேர் எதிரே இருக்கும் கிளையை வெட்டிவிட்டு, மேலே மறைக்கும் மட்டையை விட்டுவிடுவது இதனால்தான் நடக்கிறது.

சாரலும் கனமழையும் ஒன்றல்ல

டி.டி.எச். சேவைகள் பயன்படுத்துவது 'கேயு' அலைவரிசை. அதிர்வெண் 12 கிகா ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 2.5 செ.மீ. மழைத்துளியின் விட்டம் சில மில்லிமீட்டர். துளி பெரிதாகப் பெரிதாக அலையை உறிஞ்சுவதும் சிதறடிப்பதும் வேகமாகக் கூடும். சாரலின் துளிகளோ மிகச் சிறியவை.

இதை எண்ணிக்கையில் பார்ப்போம். மணிக்கு 5 மி.மீ. என்ற அளவில் லேசான மழை 5 கி.மீ. உயரம் வரை நிறைந்திருப்பதாகக் கொண்டால், 12 கிகா ஹெர்ட்ஸ் அலையின் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இழப்பு ஏற்படும். அதே இடத்தில் மணிக்கு 50 மி.மீ. என்ற அளவில் கனமழை கொட்டினால், வந்து சேருவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். மழை கூடும்போது பாதிப்பும் எவ்வளவு கடுமையாகிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று நமக்குத் தருவது பெரும்பாலும் சாரல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் இடியோடு கொட்டும் மழைதான் சிக்னலை உண்மையிலேயே வெட்டக்கூடியது. சரியாகத் திருப்பி, சரியாக இணைத்த டிஷ் சாரலைத் தாங்கிவிட வேண்டும். வெறும் சாரலுக்கே படம் போகிறதென்றால், அந்த டிஷ் முன்பே விளிம்பில் நின்றுகொண்டிருந்தது என்று பொருள். சாரல் அதை லேசாகத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் அதே மழையில் படம் ஓடுவதையும் பார்த்திருப்போம். கேபிள் நிலையங்கள் பெரிய டிஷ்களில் 'சி' அலைவரிசையைப் பிடிக்கின்றன. அதன் அலைநீளம் சுமார் 7.5 செ.மீ. அந்த அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. அதற்கும் முன்னோடியாக, 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. 'சைட்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையில் பயன்பட்ட அலையின் நீளம் 35 செ.மீ. அளவு. கிராமங்களில் கோழிக்கூண்டு வலையால் செய்த டிஷ்களே அதற்குப் போதுமாக இருந்தன. ஓட்டை நிறைந்த வலை எப்படி அலையைத் திருப்பி அனுப்பியது என்று பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஓட்டை அலைநீளத்தைவிட மிகச் சிறியது என்ற விடைக்கு அவர்களே வந்துசேர்வார்கள்.

வந்தால் முழுப்படம், இல்லாவிட்டால் கறுப்புத் திரை

பழைய ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளிகள் பெருகும், படம் மங்கும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டல் ஒளிபரப்பில் அப்படி இல்லை. ஓர் எல்லை வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லைக்குக் கீழே போனதும் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, மறைந்துவிடும். இதனால் ஒரு டிஷ் தன் திறனில் பாதியை இழந்திருந்தாலும் வெயில் நாளில் வீட்டாருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் என்ற பகுதிக்குச் சென்றால் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று சிக்னல் வலிமை, மற்றது சிக்னல் தரம். வலிமை என்பது கேபிள் வழியாக ஏதோ வந்து சேருகிறது என்பதைக் காட்டுவது. அதில் இரைச்சலும் சேர்ந்திருக்கும். வந்ததில் எவ்வளவு படிக்கத்தக்கது என்பதைக் காட்டுவது தரம். கூச்சலான வகுப்பில் சத்தம் அதிகமாக இருப்பது வேறு, பாடம் காதில் விழுவது வேறு அல்லவா? அதைப்போலத்தான்.

இரண்டு பட்டையும் பூஜ்யம் என்றால் கேபிள், இணைப்பு அல்லது எல்.என்.பி.யில் சிக்கல். டிஷ்ஷின் முன்னால் நீண்டிருக்கும் கைப்பிடியின் நுனியில் உள்ள சிறு கருவிதான் எல்.என்.பி. வலிமை இருந்து தரம் மட்டும் பூஜ்யம் என்றால், டிஷ் திசை மாறியிருக்கலாம் அல்லது ஏதாவது மறைக்கலாம். நல்ல வெயில் நாளில் இரண்டு பட்டைகளும் காட்டும் எண்ணை ஒரு தாளில் குறித்து டிவியின் பின்புறம் ஒட்டி வைக்கும்படி என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். நோயாளியின் வழக்கமான வெப்பநிலை தெரிந்திருந்தால்தானே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்ல முடியும்?

எப்போது போனது? எப்போது திரும்பியது?

காரணத்தைக் காட்டிக்கொடுப்பது நேரம்தான். பின்வரும் அடையாளங்களை வகுப்பில் அட்டையில் எழுதி மாட்டலாம்.

1. கனமழையில் போய், மழை குறைந்த சிறிது நேரத்தில் தானாகத் திரும்புகிறது. இது மழையின் வேலை. எதையும் தொட வேண்டாம்; காத்திருந்தால் போதும்.

2. மழை நின்று வெகுநேரமாகியும் வரவில்லை; வெயில் ஏறியதும் வருகிறது; இரவில் மறுபடி போகிறது. இணைப்பில் ஈரம் புகுந்திருக்கிறது. கேபிளின் முனையில் உள்ள திருகு இணைப்பானுக்குள் நீர் இறங்கினால், செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

3. காற்று வீசும்போது மட்டும் விட்டு விட்டு வருகிறது. டிஷ்ஷின் நட்டு தளர்ந்திருக்கும் அல்லது மட்டையோ கிளையோ குறுக்கே ஆடிக்கொண்டிருக்கும். சுரண்டை, ஆய்க்குடிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற கணவாய்க் காற்றுதான் நம் மாடி டிஷ்களையும் அசைக்கிறது.

4. ஒரு நாள் பெருங்காற்றில் போனது, பிறகு வெயிலிலும் வரவில்லை. டிஷ் திரும்பிவிட்டது. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 பாகைதான். மையத்திலிருந்து ஒன்றரை பாகை விலகினாலே திறன் பாதியாகிவிடும். டிஷ்ஷின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட ஒரு சென்டிமீட்டர் முன்னே வந்தால், அது ஏறக்குறைய ஒரு பாகை. குற்றாலத்தில் இதற்குக் காற்றே தேவையில்லை. ஒரு குரங்கு எல்.என்.பி. கைப்பிடியில் ஊஞ்சலாடினால் போதும்.

5. சில சேனல்கள் மட்டும் வரவில்லை. செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாக எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தம் அனுப்புகிறது. செங்குத்துத் தளத்தில் அதிரும் அலைகளுக்கு 13, கிடைமட்டத் தளத்தில் அதிரும் அலைகளுக்கு 18. கேபிளோ இணைப்பானோ கெட்டு, வழியில் மின்னழுத்தம் குறைந்தால், 18 வோல்ட் தேவைப்படும் சேனல்கள் கூட்டமாகக் காணாமல் போகும்.

6. நல்ல வெயிலில், முற்பகலில் சில நிமிடங்கள் மட்டும், தொடர்ந்து சில நாட்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் இது நடக்கலாம். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியன் வீசும் ரேடியோ இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடுகிறது.

7. நம் வீட்டில் மட்டுமா, பக்கத்து வீட்டிலுமா? அதே சேவை வைத்திருக்கும் நான்கைந்து வீடுகளிலும் ஒரே நேரத்தில், இங்கே மழையும் இல்லாமல் போனால், கோளாறு நம் மாடியில் இல்லை. ஒளிபரப்பு நிலையத்தில் கோளாறோ, அங்கே பெரும் மழையோ இருக்கலாம்.

தொலைபேசியில் கேட்ட மூன்று கேள்விகள்

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. அரசு கேபிளில் மட்டுமின்றித் தனியார் சேனல்கள் சிலவற்றிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. யார் யார் பார்க்கிறார்கள் என்று நாங்கள் தொலைபேசியில் விசாரித்துப் பட்டியலிட்டு வந்தோம்.

இலஞ்சிப் பக்கத்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரமாகப் பாடம் பார்க்கவில்லை. வீட்டில் டி.டி.எச். இருந்தது. போனை எடுத்த பாட்டி, "சீசன் முடியட்டும் சார், அது தானா சரியாயிரும்" என்றார். மாணவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்டேன். எந்த நேரத்தில் படம் போகிறது? எந்த நேரத்தில் வருகிறது? மழை பெய்யாத நாளில் எப்படி?

அவள் கவனித்து வைத்திருந்தாள். "ராத்திரி போயிரும் சார். காலைல இருக்காது. மத்தியானம் சாப்பிடுற நேரத்துக்கு வந்துரும். மழை இல்லாட்டியும் அப்படித்தான்." அவள் வகுப்புக்கான பாடமோ காலையில்.

மழை இல்லாத நாளிலும் காலையில் இல்லை, வெயில் ஏறியதும் வருகிறது என்றால் அது மேகம் அல்ல, ஈரம். அவளுடைய அப்பாவிடம் விவரத்தைச் சொல்லி, எல்.என்.பி.யில் கேபிள் சேருமிடத்தைப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கை அழைக்கச் சொன்னேன். இணைப்பானைக் கழற்றியதும் தண்ணீர் சொட்டியதாம். உள்ளே களிம்பு. கெட்ட பகுதியை நறுக்கிவிட்டு, புது இணைப்பான் போட்டு, நீர் புகாத நாடா சுற்றிக் கொடுத்தார். வேலை பத்து நிமிடம்தான். மறுநாள் காலைப் பாடத்தை அவள் பார்த்தாள்.

போன மூன்று வாரப் பாடம் திரும்ப வரவில்லை. இந்தச் சிறு விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று மட்டும் இருந்திருந்தால், படிக்கும் எவருக்கும் அது அக்கறையின்மையாகவே தோன்றியிருக்கும். ஒரு குழந்தைக்கும் பாடத்துக்கும் இடையே ஒரு துளி நீர் நிற்கிறது என்பதை அந்தச் சொல் காட்டாது.

சரிபார்க்கும் வரிசை

வீட்டுக்குள்ளிருந்து வெளியே போவதுதான் சரியான வரிசை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் திரையில் வரும் செய்தியை முழுதாகப் படிக்க வேண்டும். சந்தா முடிந்தது என்ற செய்திக்கும் சிக்னல் இல்லை என்ற செய்திக்கும் வேறுபாடு உண்டு. அடுத்து, டிவி சரியான உள்ளீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு செட்டாப் பாக்ஸின் மின் இணைப்பை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட வேண்டும். பின் இரண்டு பட்டைகளையும் படிக்க வேண்டும். அதன்பின், மின் இணைப்பை மறுபடி அணைத்துவிட்டு, பாக்ஸின் பின்னால் உள்ள கேபிள் இணைப்பானைக் கையால் முடுக்கிப் பார்க்கலாம். மின் இணைப்பு இருக்கும்போது அதைக் கழற்றினால், நடுக்கம்பி உறையில் பட்டு பாக்ஸ் பழுதாகக்கூடும்.

வெளியே, தரையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை: டிஷ் சாய்ந்திருக்கிறதா, எல்.என்.பி. கைப்பிடி வளைந்திருக்கிறதா, எல்.என்.பி.யின் முகத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறதா, மட்டை மறைக்கிறதா, கேபிள் வெடித்திருக்கிறதா. இணைப்பானுக்கு முன்னால் கேபிள் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். அப்படி இருந்தால் வழிந்து வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்பானுக்குள் போகாது.

இதற்கு மேல் மெக்கானிக்கின் வேலை. எந்தக் குழந்தையும் எதற்காகவும் மாடி விளிம்பிலோ ஓட்டின் மேலோ ஏறக் கூடாது என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் மொட்டை மாடியெல்லாம் பாசி பிடித்து வழுக்கும். டிஷ்ஷைப் பிடித்திருக்கும் இரும்புக் குழாய் மின்கம்பியில் பட்டால் உயிர் போகும். இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்ததும், தொடங்குவதற்கு முன்பே, பாக்ஸின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிறகு டிஷ் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் வெட்டத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

4, 5ஆம் வகுப்பு: சிக்னல் நாட்குறிப்பு. இரண்டு வாரம் தினமும் நான்கு தகவல்கள்: நாள், நேரம், வானம் (வெயில், சாரல், கனமழை, காற்று), படம் வந்ததா இல்லையா. இரண்டு வாரம் முடிந்ததும் எல்லோருடைய குறிப்புகளையும் சேர்த்துக் கரும்பலகையில் பட்டை வரைபடம் வரையலாம். 'சாரலில் படம் வந்த வீடுகள்' என்ற பட்டை எவ்வளவு உயரம் என்று குழந்தைகளே பார்க்கட்டும். டிவி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வானத்தைக் குறிக்கும் பொறுப்பை ஏற்கலாம். அவர்கள் தரவு இல்லாமல் வரைபடம் முழுமையாகாது.

6 முதல் 8ஆம் வகுப்பு: மழைமானி. நேராக நிற்கும் பக்கங்களுடைய பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, உள்ளே அளவுகோல் ஒட்டினால் மழைமானி தயார். அடிப்பகுதி சமமாக இல்லாவிட்டால் கொஞ்சம் நீர் ஊற்றி அதைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். 15 நிமிடத்தில் சேரும் மழையை 4ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மி.மீ. என்று கிடைக்கும். எந்த அளவில் வீட்டில் படம் போகிறது? வீட்டுக்கு வீடு அந்த எல்லை மாறுவது ஏன்? ஒரு வீட்டின் எல்லை மட்டும் மிகக் குறைவாக இருந்தால், அந்த டிஷ்ஷில் வேறு குறை இருக்கிறது என்ற முடிவுக்கு மாணவர்களே வருவார்கள்.

9, 10ஆம் வகுப்பு: குச்சி நிழலில் செயற்கைக்கோள். மார்ச் 16, 17 அல்லது செப்டம்பர் 26, 27 வாக்கில், தென்காசிப் பகுதியில் காலை 11 மணியையொட்டி, ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் செங்குத்தாக நட வேண்டும். அந்த நேரத்தில் சூரியன் ஏறக்குறைய ஜிசாட்-15 இருக்கும் திசையிலேயே நிற்கிறது. நிழல் மேற்கு-வடமேற்காக, சுமார் 40 செ.மீ. நீளத்துக்கு விழும். நிழலின் நுனியிலிருந்து குச்சியின் உச்சிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த நூல் காட்டும் இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத செயற்கைக்கோள் இருக்கிறது. குச்சியின் உயரத்தை நிழலின் நீளத்தால் வகுத்தால் 2.5, டேன்ஜென்ட் அட்டவணையில் பார்த்தால் 68 பாகை. பாடநூலில் உள்ள ஏற்றக்கோணம் வானத்தில் ஒரு முகவரியைக் கண்டுபிடித்துத் தருகிறது.

இதே நேரத்தில் வீட்டிலிருக்கும் பெரியவர்களை டிஷ்ஷைக் கீழிருந்து பார்க்கச் சொல்லலாம். டிஷ் ஜிசாட்-15ஐ நோக்கியது என்றால், அதன்மேல் முழு வெயில் விழுந்தால் வழி தெளிவு. மட்டையின் நிழல் விழுந்தால் அந்த மட்டைதான் மறைக்கிறது. 83° கிழக்கை நோக்கிய டிஷ்களுக்கு இதே சோதனையை நண்பகலையொட்டிச் செய்ய வேண்டும். அப்போது குச்சியின் நிழல் சுமார் 22 செ.மீ. இருக்கும். நிழலை மட்டுமே பார்க்க வேண்டும், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று சொல்ல மறக்க வேண்டாம்.

ஆசிரியருக்கு இதில் என்ன?

டிவி பழுது பார்ப்பது ஆசிரியர் வேலையா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் வீட்டுத் திரை வழியாகவும் பாடம் போகிற காலத்தில், அந்தத் திரை ஏன் இருண்டது என்று கேட்பது ஆசிரியர் வேலையே. வசதியுள்ள வீட்டில் டிஷ் போனால் இணையம் இருக்கும், இன்னொரு கைப்பேசி இருக்கும். ஒரே ஒரு டிஷ் மட்டும் இருக்கும் வீட்டில் அது போனால் வகுப்பே போகிறது.

ஆகவே வருகைப் பட்டியலிலோ வீட்டுப்பாடப் பட்டியலிலோ 'பார்க்கவில்லை' என்று எழுதும் இடத்தில் இன்னொரு கட்டம் சேர்க்கலாம்: 'எப்போது போனது, எப்போது வந்தது?' அந்தக் கட்டத்தை நிரப்ப மாணவர் கவனிக்க வேண்டும். நிரப்பியதைப் படித்தால் பாதி விடை நமக்குத் தெரிந்துவிடும். கன்னியாகுமரியிலும் கூடலூரிலும் நாகப்பட்டினத்திலும் காற்றும் மழையும் வேறு மாதிரி. ஏற்றக்கோணமும் சற்று மாறும். உங்கள் ஊரின் கணக்கை உங்கள் மாணவர்களே போடட்டும். இந்தப் பருவத்தில் ஒரு வகுப்பு நாட்குறிப்பைத் தொடங்கினால், செப்டம்பர் கடைசி வாரத்தில் குச்சி நடுவதற்குள் கையில் போதிய தரவு சேர்ந்திருக்கும்.